கோப்பை அலமாரியில் ஒரு கருகிய பாத்திரம்

தெருமுனை வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. தெருமுனை வந்ததும் அண்ணி நின்றுவிட்டாள்.

நாத்தனார் ரேடியோவுக்கு அந்த முகம் பழக்கம். வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அண்ணிக்கு இதே இடத்தில் இந்த முகம் வந்துவிடும். உதடு லேசாகப் பிரிந்திருக்கும். புருவம் மேலே ஏறிப்போய் இறங்க மறந்து நிற்கும். கண் எதிரே வருகிற பஸ்ஸையோ மனுஷனையோ பார்க்காது. எங்கேயோ தொலைவில், நமக்கெல்லாம் எட்டாத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"அடியே, அடுப்பை அணைச்சோமா?"

"அணைச்சோம் அண்ணி."

"நீ பார்த்தியா?"

"நான் பார்த்தேன். எங்க அண்ணன் பார்த்தார். அடுப்பே நம்மளைப் பார்த்து, 'அணைஞ்சுட்டேன் தாயே, போயிட்டு வாங்க'ன்னு கையெடுத்துக் கும்பிட்டுச்சு."

"ஓடிப்போய் ஒரே ஒரு தடவை பார்த்துட்டு வந்துடு, கண்ணு."

ரேடியோ ஓடினாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது. அது என்றைக்குமே அணைந்துதான் இருக்கும். மூச்சிரைக்கத் திரும்பி வந்து, "துப்பறியும் ஆபீஸ் வச்சிருக்கீங்க. சொந்த அடுப்பு விஷயத்துல மட்டும் துப்பு கிடைக்க மாட்டேங்குது," என்றாள்.

இந்த இருவரையும் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அண்ணி துப்பறிகிறவள். அவள் புருஷனுடைய தங்கைதான் உதவிக்கு. வாய் ஓயாததால் அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது அண்ணிதான். லாண்டரிக் கடைக்கு மேலே ஒரு சின்ன அறையில் ஆபீஸ். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஒத்துப்போகாது என்று சொல்கிறவர்கள் அந்த மாடிப்படி ஏறிப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அவர்களைக் கூப்பிட்டிருந்தது சாதாரண ஆள் இல்லை. பட்டாசு! பாட்டு வீடியோக்களின் ராணி. லாரிக் கூரை மேல் ஆடிய பட்டாசு. வாஷிங் மெஷின் கிடங்கில் சுழன்று சுழன்று ஆடிய பட்டாசு. ஒரு வீடியோவில் வாத்து கடித்தும் தாளம் தப்பாமல் ஆடி முடித்து, பிறகு உட்கார்ந்து அழுத பட்டாசு. பதினைந்து வருஷமாகக் குதித்துக்கொண்டே இருக்கிறவள், தன் வீட்டுக் கூடத்து சோபாவில் நனைந்த துணி மாதிரி சுருண்டு கிடந்தாள்.

"அக்கா, இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள நீங்க எப்படியாவது நிரூபிக்கணும். இல்லன்னா நான் முடிஞ்சேன்."

"எதை நிரூபிக்கணும்?" என்றாள் அண்ணி.

பட்டாசு டிவியைப் போட்டாள். அவளுடைய முதல் வீடியோ. அதிலே ஒரு மழைக் காட்சி. நனைந்த கூந்தல் பாதி முகத்தை மறைக்க, குடையோடு ஒரு பெண் மெல்ல, மிக மெல்லத் திரும்புகிறாள். மழைத் துளி ஒவ்வொன்றும் அவசரமில்லாமல் இறங்குகிறது. உதடு பிரிகிறது. 'நீ வராத தெருவுக்கும் மழை வந்து போகுதே' என்று ஒரே ஒரு வரி. பாடி முடித்துவிட்டு ஒரு பார்வை பார்க்கிறாள். அவ்வளவுதான். அந்தப் பார்வைக்காகக் காதலித்தவர்கள் உண்டு, பிரிந்தவர்கள் சேர்ந்தது உண்டு. 'ஏக்கத்தின் எல்லை' என்று பத்திரிகைகள் எழுதின. சிறந்த முகபாவத்துக்கான கோப்பையும் வந்தது.

"இந்த முகம் என்னோடது இல்லன்னு ஒருத்தி கிளம்பியிருக்கா அக்கா. அந்தக் காலத்துல என் பின்னால கடைசி வரிசையில ஆடினவ. இப்போ பார்லர் வச்சிருக்கா. மழையில நின்னது தான்தான்னு ஊரெல்லாம் பேட்டி கொடுக்கறா. கம்பெனி என் பதினைந்தாவது வருஷத்துக்கு விழா வீடியோ எடுக்கறாங்க. அதே மழை, அதே பார்வை. சாயங்காலம் மேனேஜர் வருவார். முகம் யாரோடதுன்னு முடிவாகலன்னா, அவளை வச்சே எடுத்துடுவாங்களாம்."

"மழையில நின்னது நீங்கதானே?"

"நான்தான்!" பட்டாசு சட்டென்று நிமிர்ந்தாள். "ஞாபகம் இருக்கே. பாட்டு மெதுவா, உருகி உருகி ஓடிக்கிட்டு இருந்துச்சு. கேட்கக் கேட்கக் கண்ணீர் தானா வந்துடுச்சு."

"அதுக்கப்புறம் ஏம்மா ஒரு மெதுவான காட்சிகூட நீங்க பண்ணல? எல்லாமே குதிக்கிற பாட்டா இருக்கே?"

"ரசிகர்கள் வேகத்தைத்தான் கேட்கறாங்க." பட்டாசு குஷனின் நூலைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்.

ரேடியோ அதற்குள் எழுந்து கோப்பை அலமாரியை ஆராய்ந்துகொண்டிருந்தாள். தங்க நிறத்தில் ஒன்று, கண்ணாடியில் ஒன்று, இறக்கை வைத்தது ஒன்று. எல்லாவற்றுக்கும் நடுவே, அடி கரியாகி, பிடி வளைந்து, ஒரு பால் பாத்திரம்.

"இது எந்த விழாவுல கொடுத்தாங்க? சிறந்த சமையலுக்கா?"

"அது அம்மாவோடது. தூக்கிப் போடப் போனா சண்டைக்கு வருவாங்க. ஏன்னு கேட்டா சொல்லவும் மாட்டாங்க."

சமையலறையிலிருந்து பட்டாசின் அம்மாவின் குரல் வந்தது. "என் வீட்டு அலமாரி, என் பாத்திரம். இந்த ஆட்டம் பாட்டமே வேண்டாம்னு அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். யார் கேட்டா? இப்போ துப்பறியற அளவுக்கு வந்து நிக்குது."

சொல்லிவிட்டு அந்த அம்மாள் மறுபடி காய் நறுக்க ஆரம்பித்தாள். கத்தி தடதடவென்று போக, அதைவிடத் தடதடவென்று ஒரு முனகல். ரேடியோ காது கொடுத்தாள். 'நீவராததெருவுக்கும்மழைவந்துபோகுதே.' அதே வரிதான். ஆனால் துரத்துகிற நாய்க்குப் பயந்து ஓடுகிறவன் பாடுகிற மாதிரி.

"அம்மாவுக்கு என்ன அவசரமோ. பஸ்ஸைப் பிடிக்கணும் போலிருக்கு," என்றாள் ரேடியோ. பிறகு டிவி பக்கம் திரும்பினாள். "அண்ணி, இந்தப் பார்வையை நான் இதுக்கு முன்னாடி எங்கேயோ பார்த்திருக்கேன்."

"உலகமே பார்த்திருக்குடி."

"வீடியோவுல இல்ல அண்ணி. நேர்ல. எங்கேன்னுதான் பிடிபட மாட்டேங்குது."

"பிடிபட்டதும் சொல்லு. இப்போ கிளம்பு. எனக்கு முகம் பளபளன்னு ஆகணும்."

*

பார்லரில் அண்ணியின் முகத்தில் பச்சை நிறத்தில் எதையோ கனமாகப் பூசிவிட்டார்கள். கேள்வி கேட்கலாம் என்று வாயைத் திறந்த அண்ணியை, "அசையாதீங்க! அசைஞ்சா கோடு விழும். காயட்டும்," என்று அடக்கிவிட்டாள் பார்லர்காரி. பாவம், பேசிப் பேசியே ஆளைப் பிடிக்கிற அண்ணிக்கு அன்றைக்கு மிச்சமிருந்தது 'ம்' ஒன்றுதான். ஆகவே விசாரணை ரேடியோ கைக்கு வந்தது. அவளுக்குக் கொள்ளை சந்தோஷம்.

"அக்கா, பேட்டி பார்த்தோம். நீங்கதான் அந்த மழைப் பொண்ணாமே! உங்களைத் தொட்டுப் பார்க்கலாமா?"

பார்லர்காரி மலர்ந்துபோனாள். "தாராளமா! பதினைந்து வருஷம் மனசுக்குள்ளேயே வச்சிருந்தேன். அவ முகமும் என் முகமும் நனைஞ்சா ஒண்ணுதான்."

"ம்," என்றாள் அண்ணி.

"அண்ணி என்ன கேட்கறாங்கன்னா, அன்னைக்கு எப்படி இருந்துச்சு?"

"அதையேன் கேட்கறே. பாட்டு மெதுவா, உருகி உருகி ஓடிச்சு. நிக்கறேன், நனையறேன், கண்ணீர் அருவி மாதிரி கொட்டுது. டைரக்டரே கண்ணைத் துடைச்சுக்கிட்டார். அந்த ஆள் போய்ச் சேர்ந்துட்டார், இருந்தா இன்னைக்கு எனக்குச் சாட்சி சொல்லியிருப்பார்."

"ம்ம்?"

"அண்ணி கேட்கறாங்க, அந்த வீடியோவுல அதுக்கு முன்னாடி மெதுவா ஏதாவது பண்ணியிருக்கீங்களான்னு."

"எங்கே? நாங்கல்லாம் ஆட்டக்காரிங்க. கைகால் வேகமா போற இடத்துலதான் எங்களுக்கு வேலை. கேமரா என்னை ஒரு தடவை முழுசாப் பார்த்ததில்ல. முன்னாடி இருக்கறவ தோளுக்கு மேலே என் கொண்டை தெரியும்." ஒரு நொடி அவள் குரல் இறங்கியது. பிறகு ஏறியது. "அந்த வாரம் நான் பட்ட பாடு! என் பொண்ணுக்குப் பொன்னுக்கு வீங்கி. ரெண்டு கன்னமும் பன்னு மாதிரி. ஷூட்டிங்குக்கு ஒரு கால், கிளினிக் வரிசைக்கு ஒரு கால்னு அலைஞ்சேன்."

"ம்ம்ம்!" என்றாள் அண்ணி. அவ்வளவு வேகமாகச் சொன்னதில் நெற்றியில் ஒரு கோடு விழுந்தேவிட்டது.

வெளியே வந்ததும் ரேடியோ தலையில் கை வைத்துக்கொண்டாள். "போச்சு அண்ணி. இவளும் உருகி உருகிங்கறா, அவளும் உருகி உருகிங்கறா. ரெண்டு பேருக்கும் ஒரே கண்ணீர். எப்படிக் கண்டுபிடிக்கறது?"

அண்ணி காதோரம் ஒட்டியிருந்த பச்சையைச் சுரண்டினாள். "உருகற இடம் எப்படி இருக்கும்னு ஒரு தடவை நாமே போய்ப் பார்த்துட்டா என்ன?"

*

ஊர்க்கோடியில் ஒரு பழைய கிடங்கு. உள்ளே வேறு ஏதோ ஒரு குழுவின் பாட்டு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். தரையெல்லாம் வயர். ஒரு ஓரத்தில் புகை மெஷின் இருமிக்கொண்டிருந்தது. தாடி வைத்த ஒரு பாடகர், பெரிய காற்றாடிக்கு முன்னால் தலைமுடி பறக்க நின்றார். சோகமான பாட்டு என்று கேமராமேன் சொன்னார். பிரிவாம், மரணமாம், இன்னும் என்னென்னவோவாம்.

"மெதுவா எடுக்கற காட்சியா?" என்றாள் அண்ணி.

"ஆமாம். ஸ்லோமோஷன். இப்போ பாருங்க."

பாட்டு கிளம்பியது. ரேடியோ துள்ளி எழுந்தாள். சோகமாவது ஒன்றாவது! ஒரு கூடை அணிலைக் கவிழ்த்துவிட்ட மாதிரி கீச்கீச்சென்று ஓடியது பாட்டு. அதற்கு ஈடுகொடுத்துத் தாடிக்காரரின் வாய் படபடவென்று அடித்துக்கொண்டது. கண்ணில் மட்டும் துக்கம் சொட்ட வேண்டும், வாயோ கடலை கொறிக்கிற வேகத்தில் போகிறது. ரேடியோவால் அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு ஒரு பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். 'கட்' என்று கத்தினார்கள். தாடிக்காரரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் இப்படி?" என்றாள் அண்ணி.

"எடுத்ததைப் பிறகு பாதி வேகத்துல ஓடவிடுவோம். அப்போ முடி, புகை, மழை எல்லாம் மெதுவாகும். வாயும் மெதுவாகிடும் இல்லையா? பாட்டோட பொருந்தணுமே. அதனால எடுக்கும்போது பாட்டை ரெட்டை வேகத்துல போடுவோம். அவங்களும் ரெட்டை வேகத்துல வாயசைக்கணும். வீட்ல பார்க்கறவங்க அழுவாங்க. இங்கே நிக்கறவங்க சிரிக்காம இருந்தா அதுவே பெரிசு."

"அந்தப் பழைய மழைப் பாட்டு?"

"அதுவும் இப்படித்தான். வாயசைச்சிருக்காங்களே, வேற வழியே கிடையாது."

வெயிலில் இறங்கி நடந்தார்கள். ரேடியோவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "பிடிச்சாச்சு அண்ணி! உருகி உருகி ஓடிச்சாம், அருவி மாதிரி கொட்டிச்சாம்! அங்கே ஓடினது அணில் பாட்டு! பார்லர்காரி அன்னைக்கு அந்தப் பக்கமே போகல!"

அண்ணி முகம் சுளித்துக்கொண்டு நடந்தாள்.

"என்ன அண்ணி? ஜெயிச்சுட்டோம். முகத்தை ஏன் இப்படி வச்சிருக்கீங்க? வெளுத்தது பத்தலையா?"

"அதே வார்த்தையைக் காலையில இன்னொருத்தியும் சொன்னாளே."

ரேடியோ நின்றாள். வாய் திறந்தது. அதிலிருந்து, அவள் வாழ்க்கையிலேயே அபூர்வமாக, ஒன்றும் வரவில்லை.

"பட்டாசும் அங்கே இல்லடி," என்றாள் அண்ணி. "நம்மளைக் கூப்பிட்டவளே நம்மகிட்ட பொய் சொல்லியிருக்கா."

"அப்போ மழையில நின்னது பேயா?"

"பேயா இருந்தா பரவாயில்ல. பேய் வந்து பேட்டி கொடுக்காது. இப்போ சாயங்காலம் மேனேஜர் முன்னாடி நான் என்ன பேசறது?"

*

சாயங்காலம் கூடத்தில் எல்லாரும் கூடிவிட்டார்கள். கம்பெனி மேனேஜர் கழுத்துப் பட்டையைத் தளர்த்துவதும் இறுக்குவதுமாக இருந்தார். பார்லர்காரி புதுக் கூந்தல் அலங்காரத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பட்டாசு சோபாவின் விளிம்பில், எழுந்து ஓடத் தயாராக. டிவியில் மழைப் பெண்ணின் அந்தப் பார்வையை நிறுத்தி வைத்திருந்தார்கள். சமையலறையில் பாத்திரச் சத்தம்.

"சொல்லுங்க மேடம். இந்த முகம் யாரோடது?" என்றார் மேனேஜர். "எனக்கு இந்தம்மாவும் ஒண்ணுதான், அந்தம்மாவும் ஒண்ணுதான். நாளைக்குக் காலையில தண்ணி லாரி வந்து நிக்கும். மழை பெய்யணும்."

"முதல்ல இவங்க இல்ல," என்று அண்ணி பார்லர்காரியைக் காட்டினாள். அணில் பாட்டுக் கதையைச் சொன்னாள். ரேடியோ நடுவில் புகுந்து அணில் மாதிரி பாடியும் காட்டினாள். தேவையில்லைதான், ஆனாலும் காட்டினாள்.

பார்லர்காரி வெளுத்துப்போனாள். "மறந்திருக்கும். பதினைந்து வருஷம் ஆச்சே."

"அதை யாராலும் மறக்க முடியாதும்மா. நாங்க பாதி நிமிஷம் கேட்டோம், இவளுக்குச் சிரிச்சு வந்த விக்கல் இன்னும் நிக்கல. எனக்கு இடிச்சது வேற. ஒருத்தி உட்கார்ந்திருக்கிற நாற்காலியில போய், 'இது என்னோட இடம்'னு யாராவது துணிஞ்சு சொல்வாங்களா? நாற்காலி காலின்னு நிச்சயமாத் தெரிஞ்சாத்தான் சொல்லுவாங்க. அன்னைக்குப் பட்டாசு மழையில நிக்கலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க அன்னைக்கு எங்கே இருந்தீங்க? கன்னம் வீங்கின பொண்ணோட கிளினிக் வரிசையில. அங்கே பக்கத்துல, முக்காடு போட்டுக்கிட்டு இன்னொரு வீங்கின கன்னம் உட்கார்ந்திருந்துச்சு. இல்லையா?"

பார்லர்காரி தலையைக் குனிந்துகொண்டாள். "அவளேதான். 'ஷூட்டிங் போச்சு, ஷூட்டிங் போச்சு'ன்னு முக்காட்டுக்குள்ளேயே அழுதுக்கிட்டிருந்தா. அப்புறம் வீடியோவுல மழைக் காட்சியைப் பார்த்தேன். யாரோ நின்னிருக்காங்க. அந்த யாரோ வந்து கேட்கவே இல்ல. நான் கேட்டா என்னன்னு தோணிச்சு. ஒரே ஒரு தடவை முன் வரிசையில நிக்கலாமேன்னு."

மேனேஜர் பட்டாசைப் பார்த்தார். "அப்போ நீங்களும் இல்லையா?"

பட்டாசு ஓடவில்லை. முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, விரலிடுக்கு வழியாகப் பேசினாள். "எனக்குப் பொன்னுக்கு வீங்கி. குணமாகிப் போனா, எல்லாரும் கை தட்டறாங்க. 'மழையில அழவச்சுட்டியே பொண்ணே'ங்கறாங்க. நான் இல்லன்னு சொன்னா வீடியோவை விட்டே தூக்கிடுவாங்கன்னு பேசாம நின்னேன். அன்னையிலிருந்து பயம் அக்கா. என்னை மாதிரியே ஒருத்தி, என்னைவிட நல்லா நடிக்கறவ, எங்கேயோ இருக்கா. என்னைக்காவது வந்து கதவைத் தட்டுவா. அந்தக் காட்சியை ரெண்டாவது தடவை நான் பார்த்ததே இல்ல, இன்னைக்கு உங்களுக்குப் போட்டுக் காட்டற வரைக்கும். மெதுவான காட்சி எதையும் தொடலை. எடுத்தா, அவளோட பார்வை எனக்கு வராதுன்னு தெரிஞ்சுடும். இவ பேட்டி கொடுத்தப்போ, வந்துட்டான்னுதான் நினைச்சேன். வேகமா குதிச்சுக்கிட்டே இருந்தா யாரும் முகத்தைப் பார்க்க மாட்டாங்கன்னுதான் இத்தனை வருஷமும் குதிச்சேன்."

ரேடியோவுக்கு லாரி மேல் ஆடியதும் வாத்துக் கடியும் வேறு மாதிரி தெரிந்தன.

"யாரோ ஒருத்தியை நான் எங்கே போய்த் தேடறது?" என்று மேனேஜர் எழுந்தார். "மன்னிச்சுடுங்கம்மா. விழா வீடியோ இல்ல. மழையை ரத்து பண்ணிடறேன்."

அப்போதுதான் பட்டாசின் அம்மா டீத் தட்டோடு வந்தாள். சமையலறை நிலைப்படியைத் தாண்டி ஒரு கால் வைத்தாள். நின்றுவிட்டாள். பாதி உடம்பு கூடத்துப் பக்கம், தலை மட்டும் மெல்லச் சமையலறைப் பக்கம் திரும்பியது. உதடு லேசாகப் பிரிந்தது. புருவம் மேலே ஏறி அங்கேயே நின்றது. கண் எங்கேயோ தொலைவில் போய்விட்டது.

ரேடியோ அம்மாளைப் பார்த்தாள். டிவியைப் பார்த்தாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள். தெருமுனை ஞாபகம் வந்தது.

"அண்ணி!" அவள் போட்ட சத்தத்தில் மேனேஜர் உட்கார்ந்துவிட்டார். "பிடிபட்டுச்சு அண்ணி! இந்தப் பார்வையை நான் எங்கே பார்த்தேன்னு பிடிபட்டுச்சு! அம்மா, அசையாதீங்க, அப்படியே நில்லுங்க! அடுப்புல என்ன வச்சிருக்கீங்க?"

"பால்," என்றாள் பட்டாசின் அம்மா, கண்ணை எடுக்காமலே. "அணைச்சேனான்னு..."

டிவியில் நனைந்த பெண், நிலைப்படியில் தட்டு ஏந்திய அம்மாள். இரண்டு முகத்துக்கும் நடுவில் பதினைந்து வருஷமும் ஒரு மூக்குக் கண்ணாடியும்தான். பார்வை ஒன்றே.

அண்ணி மெதுவாகப் போய்த் தட்டை வாங்கிக்கொண்டாள். "போய் அணைச்சுட்டு வாங்கம்மா. வந்து ஒரு வரி பாடுங்க. காலையில காய் நறுக்கும்போது பாடினீங்களே, அந்த வேகத்துல." பிறகு ரேடியோவிடம், "ரிமோட்டை எடு. ரெட்டை வேகம்," என்றாள்.

மழை சடசடவென்று சாதாரண மழையாகக் கொட்டியது. குடைக்காரி சட்டென்று திரும்பினாள். பாட்டு அணிலாகக் கீச்சிட்டது. அந்த அம்மாள் கூடத்தின் நடுவில், முந்தானையில் கையைத் துடைத்தபடி, 'நீவராததெருவுக்கும்மழைவந்துபோகுதே' என்று படபடவென்று சொல்லி முடித்தாள். டிவியில் இருந்த உதடும் எதிரில் இருந்த உதடும் ஒரே நேரத்தில் திறந்தன, ஒரே நேரத்தில் மூடின. ஒரு எழுத்து தப்பவில்லை.

"அம்மா?" என்றாள் பட்டாசு. குரல் வரவில்லை, உதடுதான் அசைந்தது.

"கத்தாதே. சொல்லிடறேன்." அம்மாள் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தாள். "உன்னை டாக்டர்கிட்ட அனுப்பிட்டு, பாலை அடுப்புல வச்சேன். போன்ல ஒருத்தன், வரலன்னா வேற பொண்ணை வச்சுடுவோம்னான். ஒரு வாரம் தள்ளி வைங்கப்பான்னு நேர்ல கெஞ்சலாம்னு குடையை எடுத்துக்கிட்டு ஓடினேன். அங்கே ஒரு தடியன், 'இவ்வளவு லேட்டா'ன்னு கையைப் பிடிச்சு இழுத்தான். வாயைத் திறக்கறதுக்குள்ள எவளோ புடவையைச் சுத்திட்டா, எவனோ தலையோட தண்ணியை ஊத்திட்டான். முகத்தை எவன் பார்த்தான்? எல்லாரும் சின்ன டிவிப் பெட்டிக்குள்ள குனிஞ்சு பார்த்துக்கிட்டிருந்தாங்க. எனக்குச் சின்ன வயசுலயே நீ பிறந்துட்ட. நனைஞ்சா நானும் நீயாத்தான் இருந்தேன் போல. நான் வேற ஆளுன்னு சொன்னா உன் வாய்ப்பு போயிடும். பேசாம நின்னேன். அந்த அணில் பாட்டைக் கேட்டுச் சிரிப்பு வந்துடுமோன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு வாயசைச்சேன். நீ வீட்ல பாடிப் பாடி அந்த வரி எனக்கு மனப்பாடம். முடிச்சுத் திரும்பறப்பதான் சுருக்குன்னு ஞாபகம் வந்துச்சு."

"என்ன?" என்றார் மேனேஜர், ஒரு ஏக்கத்தின் எல்லையைக் கேட்கும் பயபக்தியோடு.

"பாலை அணைக்கலையேன்னு."

பட்டாசு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நடுவில் அழுகையாகி, மறுபடி சிரிப்பானது.

"இதுக்குத்தானா பத்திரிகையில அவ்வளவு எழுதினாங்க? ஏம்மா என்கிட்ட சொல்லல? நான் எத்தனை வருஷம் பயந்து செத்தேன் தெரியுமா?"

"எப்படிடி சொல்றது? ஆடாதே ஆடாதேன்னு உன்னை விரட்டி விரட்டி அடிச்சவ, நானே போய் நின்னுட்டு வந்தேன்னா? நீ ஒவ்வொரு கோப்பையா கொண்டாந்து அடுக்கினே. எனக்கு அன்னைக்குக் கிடைச்சது அந்தப் பாத்திரம்தான். நானும் அடுக்கிட்டேன்."

எல்லாரும் அலமாரியைப் பார்த்தார்கள். கருகிய பாத்திரம் கோப்பைகளுக்கு நடுவே கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

மேனேஜர் நெற்றியைத் துடைத்தார். "ஊருக்கு என்ன சொல்றது? பட்டாசு இத்தனை நாள் ஏமாத்தினான்னு..."

"நடந்ததைச் சொல்லுவோம்," என்று பட்டாசு எழுந்தாள். எழுந்த வேகத்தில் பழைய பட்டாசு தெரிந்தாள். "அந்தக் கோப்பையை எங்கம்மா கையில நானே கொடுக்கறேன். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே குடை போதும். எடுக்கறதா இருந்தா எடுங்க. இல்லன்னா நான் கிளம்பறேன், எனக்கு இனிமே எவளும் வந்து கதவைத் தட்டப் போறதில்ல."

மேனேஜர் அம்மாவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, "அந்தத் தண்ணி லாரி, ரத்து பண்ண வேண்டாம்," என்றார்.

கூந்தல் கலைந்து வாசல் பக்கம் நழுவிய பார்லர்காரியை அம்மாள்தான் கூப்பிட்டாள். "எங்கே ஓடறே? நாளைக்கு இந்த நரைச்ச தலைக்கு யார் சாயம் பூசறது? பூசிட்டு நீயும் ஒரு குடையைப் பிடிச்சுக்கிட்டு முன்னாடி நில்லு."

*

மறுநாள் காலை கிடங்கில் மழை பெய்தது. ஒரே குடையின் கீழ் அம்மாவும் மகளும். இரண்டு பேரும் அணில் வேகத்தில் வாயசைத்தார்கள். அதெல்லாம் சரியாகத்தான் வந்தது. பார்வைதான் வரவில்லை. கேமராவைப் பார்த்தாலே அம்மாள், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"அந்த ஏக்கம் வேணும்மா, அந்த ஏக்கம்!" என்று புது டைரக்டர் கெஞ்சினார். தண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது.

பட்டாசு குடைக்குள் குனிந்து அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். ரேடியோ கேமராவுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவள் காதுக்குக் கேட்டது.

"அம்மா, கிளம்பும்போது அடுப்பை அணைச்சியா?"

வந்தது பாருங்கள் பார்வை! உதடு பிரிந்தது, புருவம் ஏறியது, கண் தொலைவுக்குப் போனது. கேட்ட மகளுக்கே சந்தேகம் தொற்றிக்கொள்ள, அவள் முகத்திலும் அதே பார்வை. பதினைந்து வருஷமாகத் தனக்கு வராது என்று பயந்தது, அச்சு அசலாக வந்து நின்றது. டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேனேஜர் மூக்கை உறிஞ்சினார்.

"எவ்வளவு அழகா இருக்கு, இல்ல அண்ணி?" என்று ரேடியோ திரும்பினாள்.

அண்ணியின் உதடு லேசாகப் பிரிந்து, புருவம் மேலே ஏறி, கண் எங்கேயோ தொலைவில்.

"வேண்டாம் அண்ணி," என்றாள் ரேடியோ. "சொல்லாதீங்க. கேட்காதீங்க."

"இல்லடி... காலையில அவசரமா கிளம்பினோமே..."

ரேடியோ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தாள்.